மாதப்பனின் தலைச்சுற்றலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

சுழிமடு என்ற ஊரில் பரிசல் ஓட்டும் குடும்பம் ஒன்று இருந்தது. பரிசல் பெரிய கூடைபோல வட்டமாக இருக்கும். துடுப்பை ஒரே பக்கம் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் குடும்பத் தலைவர் மாதப்பனுக்குத் தலைச்சுற்றல் வந்தது அவருக்கே பல நாள் தெரியவில்லை. பரிசல்தான் சுற்றுகிறது என்று நினைத்திருந்தார். ஒருநாள் கரையில் இறங்கிய பிறகும் சுற்றியது.

தம்பி மொட்டையன் குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்தான். "கரை மிதக்குதுண்ணே," என்றான்.

மைத்துனன் பச்சியண்ணன் கொஞ்சம் விவரமானவன். "கரை மிதந்தா நமக்கும் சுத்தணுமில்ல? மாமா நிக்கிற இடம் மட்டுந்தான் மிதக்குது."

அந்த இடத்தில் ஒரு முளையடித்து மாதப்பனை அதில் கட்டினார்கள். அப்படியும் சுற்றியதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாதப்பனின் மகள் முத்தரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சென்னப்பன் அக்கரைக்காரர். பெண்ணின் அப்பாவே துடுப்புப் போட்டு மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும் என்பது ஆற்றோரத்து வழக்கம். வேறு யார் போட்டாலும் மாப்பிள்ளை வீட்டார் பரிசலில் கால் வைக்க மாட்டார்கள். முகூர்த்தம் போய்விடும்.

டாக்டர் காதைப் பார்த்துவிட்டுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சுவரில் கண்ணுக்கு நேராக ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். அதற்கு எதிரே உட்கார்ந்து, பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது மரியாதையில்லை என்று இவர்களும் சொல்லவில்லை.

வீட்டுச் சுவரில் பொட்டுக்குப் பஞ்சமில்லை. மாதப்பனின் மனைவி பொன்னுருவி தினமும் முகம் கழுவும்போது நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவாள். சுவருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

"ஒரு பொட்டுன்னுதான் சொன்னாங்க," என்றான் மொட்டையன். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் உரித்து ஆற்றில் போட்டார்கள். மறுநாள் காலை பொன்னுருவி தலை வாரிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். இருந்த ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

மாதப்பன் பதறவில்லை. பொட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, அவ்வளவுதானே. பொன்னுருவி அடுப்படிக்குப் போனால் அவரும் போனார். குழாயடிக்குப் போனால் அங்கேயும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் கையை மொட்டையன் பிடித்திருந்தான். பிடிக்கச் சொன்னார்களே தவிர எப்போது விடுவது என்று யாரும் சொல்லவில்லை. குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். "கல்யாணம் பொண்ணுக்கா உனக்கா?" என்று பொன்னுருவியைக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆற்றின் நடுவில் சுவருக்கு எங்கே போவது என்று மொட்டையன் கவலைப்பட்டான்.

"சுவர் எதுக்கு? பொட்டு இருந்தாப் போதும்," என்றான் பச்சியண்ணன். பட்டுச் சேலை கட்டிய பொன்னுருவியைப் பரிசலில் மாதப்பனுக்கு எதிரே உட்கார வைத்தார்கள்.

அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் ஏறிக்கொண்டார்கள். மாதப்பனின் ஒரு கையை மொட்டையன் பிடித்திருந்ததால் துடுப்பு ஒரே பக்கம் விழுந்தது. பரிசல் சுற்றத் தொடங்கியது. பொன்னுருவியும் பொட்டும் பரிசலோடு சேர்ந்தே சுற்றியதால் மாதப்பனின் கண்ணுக்குப் பொட்டு அசையவே இல்லை. இவ்வளவு நிதானமாகத் துடுப்புப் போட்டு எத்தனை நாளாச்சு என்று அவர் மனம் குளிர்ந்தது.

ஆறு பார்த்து ஒதுக்கியதில் பரிசல் எப்படியோ சுழிமடு கரையில் முட்டி நின்றது. மாதப்பன் இறங்கி நிமிர்ந்து நடந்தார். சம்பந்தி இறங்கி, எதிரே இருந்த வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு, "மாதப்பா, உங்க ஊரை நிறுத்துய்யா," என்றார்.

மணமேடையில் சென்னப்பனுக்கு மணப்பெண் மூன்று பேராகத் தெரிந்தாள். கையில் தாலி. நேரமோ போய்க்கொண்டிருந்தது. அவர் இங்கும் அங்கும் கையை நீட்டித் திணறினார்.

மொட்டையன் அண்ணனை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். "நெத்திப் பொட்டைப் பாருங்க மாப்பிள்ளே," என்று காதோடு சொன்னான். "எந்தப் பொட்டு நிக்குதோ அதுதான் எங்க பொண்ணு."

சென்னப்பன் கண்ணிமைக்காமல் பார்த்து, தலையை இடமும் வலமும் திருப்பி, மூன்று முடிச்சும் போட்டார். பெண் மேல் இவ்வளவு ஆசையா என்று ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் எல்லாரையும் அக்கரை சேர்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தலைச்சுற்றல் தீரவில்லை. கைகண்ட வைத்தியத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை மாதப்பன். ஒரு பாக்கெட் பொட்டு வாங்கி ஆண், பெண் எல்லார் நெற்றியிலும் ஒட்டினார். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் எதிரே இருப்பவரின் பொட்டைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். மாதப்பனின் இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். துடுப்பு காலடியில் கிடந்தது.

தண்ணீர் பரிசலை மெல்ல இழுத்து, சுழிக்கும் மடுவின் நடுவுக்குக் கொண்டுபோய், அங்கேயே சுற்ற வைத்தது. தலைகள் இடமும் வலமும் ஆடின. எல்லாருக்கும் சுகமாக இருந்தது.

பெண்ணை வழியனுப்ப வந்து கரையில் நின்ற பொன்னுருவி வெகுநேரம் பார்த்தாள். "டேய் பச்சி, யாருக்காவது தலை சுத்துதா?" என்று கேட்டாள்.

பரிசலில் மாதப்பனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பச்சியண்ணன், அவர் தோளுக்குப் பின்னால் கரையில் அக்கா வருவதும் போவதுமாக இருப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தான்.

"எங்களுக்கு ஒண்ணும் சுத்தலக்கா," என்றான். "நீதான் எங்களையே சுத்திச் சுத்தி வர்ற. உடனே கவனி."

பொன்னுருவி நடுங்கிப்போனாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்து, நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் கண்ணுக்கு நேராக ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எதிரே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்பத் தொடங்கினாள். பிசியோதெரபி அம்மா சொன்னதைச் சொன்னபடியே செய்தவள் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.