பதினோரு முறை வராத படிகம்

"பதினோரு தடவை செஞ்சு பாத்துட்டேன் சார். வரவே மாட்டேங்குது," என்றாள் ஜெபசீலி.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியை. மூன்று வருட விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவள். விடுப்பில் இனி இரண்டே மாதம்.

காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றைப் படிகமாக்க வேண்டும். படிகமானால்தான் அதன் வடிவம் தெரியும். முதல் சோதனையில், வெவ்வேறு கரைசல் வைத்த தொண்ணூற்றாறு குழிகளில் ஒன்றில் மட்டும் வந்தது. எக்ஸ்ரேயில் வைக்க முடியாத அளவுக்குச் சின்னது. அதன்பின் அதுவும் இல்லை.

நெறியாளர் இளம்பரிதி அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"எதைச் செஞ்சீங்க மேடம்?"

"அதையேதான் சார். அதே கரைசல். அதே புரதம்."

"அதேன்னு யாரு சொன்னா?"

அவள் மேசைக்குத் திரும்பினாள்.

முதலில் கரைசலைச் சந்தேகப்பட்டாள். தான் கலக்கியதை ஒதுக்கிவிட்டு, முதல் சோதனைக்கு வாங்கிய புட்டியிலிருந்தே எடுத்து, புதுப் புரதத்தோடு வைத்தாள்.

வரவில்லை.

முதல் சோதனையின் புரதம் உறைபெட்டியில் இரண்டு சொட்டு மிச்சமிருந்தது. அதைத் தான் கலக்கிய கரைசலோடு வைத்தாள்.

மூன்றாம் நாள், படிகம்.

ஓட்டமாக வந்தாள். "கரைசல்ல தப்பில்ல சார். புரதத்துலதான் ஏதோ இருக்கு. ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் பிரிச்செடுத்தேன். இப்பல்லாம் எடுத்த அன்னைக்கே வெச்சிடுறேன். இன்னும் சுத்தமாவே இருக்கு."

"மொதத் தடவை?"

அவள் சோதனை நோட்டைப் புரட்டினாள்.

"அப்ப பொண்ணுக்கு டைபாய்டு. ஊருக்குப் போயிட்டேன். அஞ்சு நாள் ஃப்ரிட்ஜுல சும்மா கெடந்துச்சு."

"நோட்டுல இல்லையே."

"அது வீட்டு விஷயம் சார்."

இளம்பரிதி மூடியைக் கழற்றித் தன் பேனாவை அவளிடம் நீட்டினார்.

அன்று எடுத்த புரதத்தை அவள் ஃப்ரிட்ஜில் வைத்தாள். பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: "என்ன மேடம், ரெண்டு நாளா வேலை இல்லையா?"

"நடந்துட்டிருக்கு," என்றாள்.

ஆறாம் நாள் அதைக் கரைசலோடு சொட்டுச் சொட்டாகக் குழிகளில் வைத்தாள். அதற்கு மூன்றாம் நாள், ஏழு குழிகளில் படிகம். விளிம்புகள் கூராக, கண்ணுக்கே தெரியும் அளவில்.

இளம்பரிதி நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவை வருமா?"

"அடுத்த புரதம் ஃப்ரிட்ஜுல இருக்கு சார்," என்றாள் ஜெபசீலி. "இன்னைக்கு மூணாவது நாள்."