கடைமடை ஃபேன்

கோணமடை ஊரில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே மூளையை ஊரே முறைபோட்டுப் பயன்படுத்துகிற சிக்கனக்காரர்கள் அவர்கள். அன்றன்றைக்கு யார் முறை என்பதுதான் யாருக்கும் நினைவிருக்காது.

அங்கே கல்யாண வீடியோ போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்தவன் தளவாய். அவனுக்கே ஒரு கல்யாணம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா சொரிமுத்து, "கடையைப் பாப்பேன். தொழில் ஓடுனா பொண்ணு. இல்லன்னா வேற மாப்ள" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறார். தளவாயின் கம்ப்யூட்டரோ பத்து நிமிஷம் ஓடினால் சூடேறி அணைந்துவிடும். பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டவுன் மெக்கானிக் ஆறு குட்டி ஃபேன்களையும் ஒரே ஒரு கண்ட்ரோலரையும் கொடுத்து, "ஆறையும் இது ஒண்ணுலயே மாட்டிரலாம். டக்குன்னு சத்தம் வார வரைக்கும் அழுத்தணும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார். குழந்தைகூடச் செய்துவிடும் வேலை. அன்று பார்த்து ஊர்க் குழந்தைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருந்தன.

தளவாயின் கூட்டாளிகள் ஆவுடையப்பனும் மாடக்கண்ணும் வேலையில் இறங்கினார்கள். ஐந்து ஃபேன்கள் சத்தத்தோடு மாட்டின. ஆறாவதில் சத்தம் வரவில்லை. ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாக்கை மடக்கித் தானே 'டக்' என்றான். மெக்கானிக் சொன்னபடி ஆயிற்று.

சுவிட்சைப் போட்டதும் ஐந்து சுற்றின. ஆறாவது அசையவில்லை.

மாடக்கண்ணு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். பார்த்த உடனே விஷயத்தைப் பிடித்துவிட்டான். "இது கடைமடை வே. முன்னால இருக்க அஞ்சு பேரும் குடிச்சிட்டா கடைசி வயலுக்கு என்ன மிஞ்சும்?"

"இப்ப என்ன செய்ய?" என்றான் தளவாய்.

"மேடு பள்ளம் பாக்கணும். கரண்டு மேட்டுல ஏறுமா?"

"ஏறாது" என்றான் ஆவுடையப்பன். "எங்க வீட்டு மச்சுல பல்பு எரியவே எரியாது."

"மச்சுல பல்பு இருக்கா?"

"இல்ல. கரண்டே ஏறாதே, பல்பு எதுக்கு?"

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கம்ப்யூட்டரின் ஒரு பக்கம் மூன்று செங்கல் கொடுத்துச் சாய்த்தார்கள். கரண்ட் கசிந்துவிடக் கூடாது என்று சுற்றிலும் களிமண்ணால் வரப்பும் கட்டினார்கள். ஆறாவது ஃபேன் அப்போதும் சும்மாதான் இருந்தது.

நாலு மணிக்குச் சொரிமுத்து வந்தார். சுற்றாத கடைசி ஃபேனையும், அதற்காகக் கொடுத்த செங்கல்லையும் வரப்பையும் பார்த்தார். தளவாய்க்கு உயிர் கையில் இல்லை.

சொரிமுத்துவின் கண் கலங்கியது. அவரும் கடைமடை விவசாயி. "நாப்பது வருசம் மாப்ள. கடைமடைக்குன்னு ஒரு செங்கல் வச்ச ஆளு நீரு ஒருத்தர்தான்" என்று தோளைத் தட்டினார். தளவாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு அவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"காத்து வருதே. இது எங்க போகுது?"

"சன்னல் வழியா வெளிய போகுது மாமா."

"வெளியன்னா?"

"கடைசியில கடலுக்குத்தான் போவும்."

"அஞ்சு ஃபேன் காத்து கடல்ல வீணாப் போகுது! ஒரு அணை கட்டத் துப்பில்லையா?"

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று பேருமாக மணல் மூட்டைகளைச் சுமந்து வந்து, ஃபேன் ஓட்டைகளை ஒரு பொட்டுக் காற்றும் போகாதபடி அடைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து கலர் குடித்தார்கள். பத்தாவது நிமிஷம் மூட்டைகளுக்கு மேலே கரும்புகை எழும்பியது. ஸ்க்ரீன் அணைந்தது. கல்யாணமும் அதோடு போயிற்று என்று தளவாய் தலையில் கை வைத்தான்.

சொரிமுத்து எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"குளம் நெறஞ்சிட்டு வே! மிச்சத் தண்ணி மறுகால் பாயுது!"

அவரை வரவேற்க வைத்திருந்த தாம்பாளத்திலிருந்து பூவை அள்ளிப் புகைமேல் தூவி, அந்த இடத்திலேயே தை மாதம் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் மாடக்கண்ணுக்கு உறைத்தது. "மாப்ள, கீழத்தெரு பள்ளத்துல இருக்கே!"

புது மாப்பிள்ளை தளவாய் கீழத்தெருவுக்கு ஓடி, உடனே எல்லோரும் மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று கத்தினான். கீழத்தெருக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆட்டையும் கோழியையும் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, காய்ந்த ரோட்டில் ஒவ்வொரு அடியாகக் காலால் ஆழம் பார்த்துப் பார்த்து நடந்து போனார்கள்.