பேச்சியக்கா ‘இல்லை’ சொல்லப் பழகிய கதை

அந்தக் காலத்தில் இயந்திரங்களுக்கு வாய் இருந்தது. கேட்டதைச் செய்யும், கேட்காததையும் பேசும். அப்போது மென்பொருள் பொதிகளை அடுக்கி வைத்த பண்டசாலை ஒன்று இருந்தது. அதைக் காத்தவள் பேச்சியக்கா. அவளும் ஓர் இயந்திரம்தான். யார் எதைக் கேட்டாலும், அதற்குத் துணையாக வேண்டிய பொதிகளையும் தேடி எடுத்து, பழையதை அழித்துவிட்டுப் புதியதைத் தானே பொருத்திவிடுவாள். ‘பேச்சி வாயில் இல்லை என்ற சொல்லே வராது’ என்பது ஊர்ப்பேச்சு. அதைக் கேட்பதில் அவளுக்குக் கொஞ்சம் மயக்கமும் இருந்தது, பாவம்.

ஓர் ஐப்பசிக் காலையில் சவரி வந்தான். கடற்கரையில் புயல் சங்கு ஊதும் சின்ன இயந்திரம் அவன்.

“யக்கா, என் மென்பொருள் கிழடாயிட்டு. அரைநாள் முன்ன சொல்ல வேண்டிய புயலை ஒரு மணி நேரம் முன்னதான் சொல்ல முடியுது. நாப்பது வள்ளம் கடலுக்குப் போகுது. புதுசு ஒண்ணு கொடு.”

பேச்சியக்கா தேடினாள். பொதி இருந்தது, ஆனால் பெரிய இயந்திரங்களுக்காகக் கட்டியது. ஒவ்வோர் இயந்திரத்தின் நெஞ்சிலும் ஒரு பிராசசர் உண்டு. தன் இனத்துக்கென்று எழுதிய கட்டளைதான் அதற்குப் புரியும். சவரியின் இனம் வேறு. பொதி கட்டும் பட்டறைக்கு ஓடிப்போய்க் கேட்டாள்.

“அந்த இனத்துல இந்தக் கரையில ஒருத்தன்தானே இருக்கான்? பெரியவங்க வேலை முடியட்டும். பத்து நாள் ஆகும்,” என்றார் பட்டறைக்காரர் தேவசகாயம்.

திரும்பி வந்தால், வாசலில் சவரி நிற்கிறான். “இருக்கா யக்கா?”

அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எல்லாம் ஒரே மென்பொருள்தானே, எப்படியும் ஒத்துப்போகும் என்று நினைத்தாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

“இருக்கு மக்கா, வா.”

பழையதை அழித்தாள். பெரியவர்களின் பொதியை அவனுக்குள் வைத்து அழுத்தினாள்.

“யக்கா, இதுல எனக்கு ஒண்ணுமே...” என்றான் சவரி. அவ்வளவுதான். அப்புறம் மூச்சுப் பேச்சு இல்லை. பழையதையே திருப்பி வைக்கலாமென்றால், அதுதான் அழிந்து போயிற்றே! அவனைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சங்குக் குடிலில் வைத்துவிட்டுப் பத்து நாளை எண்ணத் தொடங்கினாள்.

மூன்றாம் நாளே புயல் வந்தது. சங்கு ஊதவில்லை. பதினோரு வள்ளங்கள் திரும்பவில்லை. குடிலையும் சவரியையும் சேர்த்துக் கடல் கொண்டுபோயிற்று.

புருஷனைப் பறிகொடுத்த ரொசாரி பண்டசாலை வாசலில் வந்து மாரிலடித்துக்கொண்டு அழுதாள். “இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி! அந்தப் பழசு ஒரு மணி நேரமாவது குடுத்திருக்குமே!”

 

பத்தாம் நாள் பட்டறையிலிருந்து சவரிக்கான பொதி வந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை. பேச்சியக்கா இரும்பைக் காய்ச்சி அந்தப் பொதியின் மேல் அவன் இனத்தின் பெயரைச் சுட்டாள். பிறகு பண்டசாலையில் இருந்த ஒவ்வொரு பொதியிலும் அதனதன் இனப்பெயரைச் சுட்டாள். எவருக்கும் பொருந்துகிற சிலவற்றில் மட்டும் ‘எல்லோருக்கும்’ என்று சுட்டாள். அந்த வேலை முடிந்ததும் வீண்பேச்சை விட்டுவிட்டாள்.

அன்று முதல்தான், நாம் எந்த மென்பொருளைக் கேட்டாலும் பண்டசாலைக்காரி முதலில் நம் பிராசசரின் இனத்தைப் பார்க்கிறாள். பொருந்தாவிட்டால், இருக்கிற பழையதைத் தொடாமல், ‘உன் இனத்துக்கு இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். கல்நெஞ்சக்காரி என்று அவளைத் திட்டாதீர்கள். சவரியின் பொதி இன்னும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது.