பஜ்ஜி யார் வாங்குவது?

கோயம்புத்தூரில் ஒரு பஸ் டிக்கெட் கம்பெனி. பொங்கல் முன்பதிவு திறந்த காலையில் அதன் டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிட்டது. கோடிக்கணக்கான டிக்கெட்டுகளைச் சுமக்கிற பூதம் அது. அணைத்துப் போட்டால் மறுபடி எழுந்து உட்கார அரைநாள் ஆகும்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. டேட்டாபேஸை நிறுத்திவைத்தவர் யாரோ, அவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

ஜெனரல் மேனேஜர் பரஞ்சோதி அறையிலிருந்து பாய்ந்து வந்து, புதிதாகச் சேர்ந்த நசீமாவின் மேஜை முன்னால் நின்று கத்தினார். "அணைக்கவும் கூடாது, யாரு வேலையையும் பாதியில வெட்டவும் கூடாது. ஆனா இப்பவே ஓடணும்!"

நசீமா திரையைப் பார்த்தாள். யாரோ டிக்கெட் கட்டணத்தை மாற்றத் தொடங்கி, முடிக்காமல் எழுந்து போயிருந்தார். அது முடியாமல் ஒரு டிக்கெட்டும் நகராது. பக்கத்திலேயே ஆளின் பெயரும் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க இங்க நிக்கிற வரைக்கும் இது ஓடாதுங்க. உங்க சீட்ல போய் உட்காருங்க, தானா ஓடும்."

"என்னம்மா, கிண்டலா?"

"ஓடலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்."

"அனுப்பத்தான் போறேன்!"

முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவருடைய லேப்டாப்பில் ஒரு கேள்வி காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது: 'கட்டணத்தை மாற்றலாமா?' 'ஆம்' என்பதை அமுக்கினார். வெளியே ஒரே கைத்தட்டல்.

"யாரு பண்ணின வேலை அது?" என்று எல்லோரும் நசீமாவை மொய்த்தார்கள். அவள் அந்தப் பெயர் இருந்த திரையை மூடிவிட்டாள்.

சாயங்காலம் ஜெனரல் மேனேஜர் அறையிலிருந்து சுடச்சுட பஜ்ஜி வந்தது. சட்னியைக் காணோம்.

"முதல் தடவைல்ல" என்றாள் நசீமா. "போகப்போகப் பழகிடுவாரு."