இடப்பக்கம் இழுத்த கார்

"மாஸ்டர், கார் இழுக்குதா, நான் இழுக்கிறேனா?"

சாந்தாமணி கேட்டாள்.

யாகூப் மாஸ்டர் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவருக்கு முப்பத்திரண்டு வயது. அவளுக்கு நாற்பத்தாறு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள். கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் அந்தப் பந்தயத் தடத்தில் வாங்க வேண்டிய கோப்பையெல்லாம் வாங்கிவிட்டு, ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் அவர். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கடலை கொடுத்தார்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடப்பக்கமுங்க. வேகமாப் போய் பிரேக்கை மிதிச்சா இடப்பக்கம் இழுக்குது. ஸ்டியரிங்கும் முன்ன மாதிரி இல்ல. திருப்பினா, 'சரி, பார்க்கலாம்'னு யோசிச்சுட்டு அப்புறமாத்தான் திரும்புது."

"கூப்பிட்டா மெதுவா வர்ற மருமக மாதிரி."

"எங்க வீட்டுல மருமக இல்லீங்க. கொழுந்தன்தான். அவரு மாதிரின்னு வெச்சுக்கங்க."

மாஸ்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

அந்தக் கொழுந்தன் பெயர் பூபதி. பம்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவர். கார் அவளுடைய வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு கதவு, சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் போகும் வேகக் கார். அவர் தவறிப்போன பிறகு அதை யாரும் தொடவில்லை. ஒருநாள் சாந்தாமணி தொட்டாள். அப்புறம் ஓட்டினாள். அப்புறம் மாஸ்டரிடம் பழகி, பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தாள். ஊர் சிரித்து, பிறகு சிரிப்பதை நிறுத்தியது.

டீம் மட்டும் பூபதி பெயரில் இருந்தது.

போன பந்தயத்தில், கடைசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தாள். கார் இடப்பக்கம் பாய்ந்து தடத்தின் ஓரத்து ஜல்லியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பூபதி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணிக்குக் கை தளர்ந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் ஓட்டட்டும்.

"நேராப் போங்க" என்றார் மாஸ்டர். "போய்க் கையை விடுங்க."

"ஸ்டியரிங்கையா?"

"வேற என்னத்தைப் பிடிச்சிருக்கீங்க?"

அவள் போனாள். நேர்த்தடத்தில் காரை ஓடவிட்டுக் கையை எடுத்தாள். கார் கோடு கிழித்தது போல நேராகப் போனது. வேகம் தானாகக் குறைந்து தானாக நின்றது.

திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நேராத்தான் போகுதுங்க மாஸ்டர்."

"போதுமா?"

"போதுமுங்க."

"அப்பச் சரி" என்று மாஸ்டர் கடலைக்குத் திரும்பிவிட்டார்.

*

சாந்தாமணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அவள் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய்க் கை தளர்ந்துவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும்?

அவள் கையையே பார்க்க ஆரம்பித்தாள்.

பால் ஊற்றும்போது பார்த்தாள். பூத்தொடுக்கும்போது பார்த்தாள். நடுங்குகிறதா? இல்லை. நடுங்கியதோ? இப்போது நடுங்கியது போலத்தான் இருந்தது. தோசை வட்டமாக வரவில்லை. போன மாதம் வந்ததா? யாருக்குத் தெரியும்.

சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட் கடைக்குப் போனாள். காரை மேடையில் ஏற்றி நிறுத்தி, நாலு சக்கரத்திலும் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். திரையில் எல்லாம் பச்சை.

"தங்கமாட்டம் இருக்குதுங்க வண்டி" என்றான் கடைக்காரன்.

டயரை இடதும் வலதுமாக மாற்றிப் போட்டாள். அப்போதும் இடப்பக்கமே இழுத்தது. புது டயர் போட்டாள். அப்போதும் அப்படியே. மறுபடி மேடை, மறுபடி பச்சை.

"அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது" என்றான் கடைக்காரன். "இந்த வண்டிக்கெல்லாம் ஆம்பளைப் பிடி வேணும்."

அவள் கோவித்துக்கொள்ளவில்லை. ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. கடைக்காரனை நினைத்தல்ல.

*

இரண்டாம் தடவை போனபோது கேள்வி கேட்கவில்லை.

"மாஸ்டர், தப்பு கார் மேல இல்லீங்க. என் கைதான். ஒத்துக்கறேன். கையைச் சரி பண்ணிக்குடுங்க."

அடக்கமாகச் சொன்னாள். தப்பை ஒப்புக்கொள்கிறவர்களை எந்த குருவும் தட்டிக்கொடுப்பார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

மாஸ்டர் டயர் மேலேயே திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"எலும்பு டாக்டர் அவிநாசி ரோட்டுல இருக்காரு. போங்க."

"மாஸ்டர்!"

"இங்க கைக்கு வைத்தியம் பார்க்கறதில்ல."

அவள் நின்றாள். வெயில் ஏறியது. தூரத்தில் யாரோ பைக்கை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றது நின்றபடியே நின்றாள். இப்போது போனால் அப்புறம் வரமுடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் மாஸ்டர் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார். உள்ளங்கையில் ஒரே ஒரு நிலக்கடலை.

"நல்லதா, சொத்தையா?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓடு முழுசாக, உருண்டையாக, அழகாக இருந்தது.

"நல்லதுதானுங்க."

"அழுத்துங்க."

அழுத்தினாள். பொக்கென்று உள்ளே போனது. கறுத்த தோலும் கொஞ்சம் தண்ணீரும்தான் வந்தது.

"போங்க" என்றார் மாஸ்டர்.

வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனாள். நான்தான் சொத்தை என்கிறார் என்று நினைத்தாள்.

*

சனிக்கிழமை காலையில் பூபதி வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க அண்ணி. நான் பார்த்து வெச்சிருக்கற பொள்ளாச்சிப் பையன் இன்னைக்கு ஓட்டிப் பழகட்டும். வயசானாக் கை தளர்றது சகஜம்தானுங்களே. இத்தனை நாள் ஓட்டினதே பெரிசு. பெருமையா ஒதுங்கிக்கலாம்."

சாந்தாமணி சாவியை எடுத்தாள்.

விரல்கள் சாவியை அழுத்திப் பிடித்திருந்தன. அந்தக் கடலை மாதிரிப் பொக்கென்று உள்ளே போகவில்லை. பிடி கெட்டியாக இருந்தது.

"தம்பி" என்றாள். "எனக்கு அடுப்பை அணைச்சனான்னு சந்தேகம் வரும்."

"தெரிஞ்சதுதானுங்களே" என்று சிரித்தார் பூபதி.

"கதவைப் பூட்டினனான்னு வரும். உங்க பையனுக்குக் காது குத்தறப்ப நான்தான் மையால புள்ளி வெச்சேன். ரெண்டும் ஒரே நேரா இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் அவனைப் பார்க்கறப்பெல்லாம் பார்க்கறேன்."

"அதுக்கென்னங்க இப்ப?"

"இதுல எனக்குச் சந்தேகம் வரலைங்க. நீங்க சொன்னீங்க, கடைக்காரன் சொன்னான், நானே போய் ஒத்துக்கிட்டேன். ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கறப்ப வரலை. என் கை சரி. கார் தப்பு."

பூபதியின் சிரிப்பு போய்விட்டது.

"மிஷின் பச்சை காட்டுச்சே அண்ணி. மிஷினை விட உங்களுக்குத் தெரியுமா?"

"மிஷின் பார்க்கறப்பக் கார் நின்னுட்டு இருந்துச்சு."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

எழுந்தாள். செருப்பை மாட்டிக் காரை நோக்கி நடந்தாள்.

"அண்ணி! சாவி! எங்க போறீங்க?"

"கடலை வாங்க."

அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

*

"என்ன?" என்றார் மாஸ்டர்.

"கார் தப்பு."

"யாரு சொன்னது?"

"நான்."

மாஸ்டர் டயர் அடுக்கிலிருந்து இறங்கினார். அவர் இறங்கி அவள் பார்த்ததில்லை. நின்றபோது அவளை விடக் குள்ளமாக இருந்தார்.

"எப்படிக் காட்டுவீங்க?"

அவள் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க ஓட்டுங்க. மெதுவா வந்து எனக்கு நேரா வந்ததும் ஓங்கி மிதிங்க. எப்பப் பாரு உள்ளயே உட்கார்ந்திருக்கேன். சக்கரம் என்ன பண்ணுதுன்னு நான் பார்த்ததே இல்ல."

சொல்லிவிட்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டி, தடத்தின் ஓரத்தில் தார் மேலேயே படுத்தாள். கன்னம் சுட்டது. தள்ளித்தான் படுத்தாள், பயந்த சுபாவம் இல்லையா. ஆனால் கண்ணை மூடவில்லை.

கார் வந்தது. இடது முன்சக்கரம் அவள் கண்ணுக்கு நேராக வந்தது. மாஸ்டர் மிதித்தார்.

சக்கரம் பின்னால் போனது.

காரோடு அல்ல. கார் அங்கேயே இருக்க, சக்கரம் மட்டும் தன் இடத்தைவிட்டு ஒரு விரல்கடை பின்னால் போய், முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டது. பிரேக்கை விட்டதும் ஒன்றும் தெரியாத பிள்ளையாட்டம் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

சாந்தாமணி தாரில் படுத்தபடியே சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மாஸ்டர் இறங்கி வந்து குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

"ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கு. சக்கரத்தை இடம் நகராமப் பிடிச்சு வெக்கிறது இதுதான். நின்னா ஒட்டிக்கும். மிதிச்சா வாயைத் திறக்கும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இடப்பக்கம்னு சொன்னீங்களே, அப்ப."

சாந்தாமணி எழுந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாள் நான் தூங்கல மாஸ்டர்!"

"நானும்தான். கொசு."

அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது, பின்னால் ஒரு கார் வந்து நின்றது. பூபதி இறங்கினார். கதவை ஓங்கிச் சாத்தினார்.

"இது என்ன கூத்து அண்ணி? ரோட்டுல படுத்துட்டு! நாலு பேர் பார்த்தா எங்க மானம் என்ன ஆறது? மாஸ்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதுங்களா? வண்டி சரியாத்தானே இருக்கு?"

மாஸ்டர் பூபதியிடம் கடலை நீட்டினார். பூபதி வாங்கவில்லை.

"படுங்க தம்பி" என்றாள் சாந்தாமணி.

"என்னது?"

"இங்க. நான் படுத்த எடத்துல. இடது சக்கரத்தைப் பாருங்க."

"நானா? இந்தச் சட்டையோடயா?"

"ஏனுங்க, பயமா?"

"எதுக்குப் பயம்?"

"அதானே. நீங்கதான் கார் சரின்னீங்க. சரியான கார் நேராத்தானுங்களே போகும்?"

பூபதி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஒரு கடலையை உரித்துக்கொண்டிருந்தார். தடத்தின் மறுபக்கம் பைக்கோடு நின்றவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பவுண்டரி முதலாளி, பொம்பளை படுத்த இடத்தில் படுக்கப் பயந்தார் என்று ஊருக்குள் போகக் கூடாது. பூபதி கைக்குட்டையை விரித்தார். அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தார்.

மாஸ்டர் காரை நோக்கி நடந்தார்.

"நீங்க வேண்டாமுங்க" என்றாள் சாந்தாமணி. "அன்னைக்குக் கையை விடுங்கன்னீங்க. பாதிதான் பண்ணினேன், பிரேக்கை மிதிக்கல."

மாஸ்டர் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது, அவளைப் பழக்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

அவள் காரைப் பின்னால் எடுத்துப் போனாள். திருப்பினாள். வந்தாள். மாஸ்டர் வந்ததை விடக் கொஞ்சம் வேகமாகவே வந்தாள்.

பூபதிக்குக் கொஞ்சம் முன்னால், மிதித்தாள்.

காரின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. சிவப்பாக, தாழ்வாக, நேராகப் பூபதியின் முகத்தைப் பார்த்து வந்து, இரண்டு முழத் தூரத்தில் நின்றது.

அதற்குள் பூபதி உருண்டு, எழுந்து, டயர் அடுக்கில் மோதி நின்றார். வெள்ளைச் சட்டை முழுக்கத் தார்ப் பொடி. கைக்குட்டை அங்கேயே கிடந்தது.

"அண்ணி! என் மேலயே திருப்பறீங்களே!"

புழுதி அடங்கியது. முன்கண்ணாடிக்குப் பின்னால் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே, விரித்தபடி, அசையாமல் இருந்தன.

"யாருங்க தம்பி திருப்பினது?"