கௌதாரியின் வீட்டை வரைந்த அணில்

பெரிய காடு ஒன்றின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் வழுவழுப்பான பாறை ஒன்று சுவர் போல நின்றது. அந்தக் காட்டில் படம் வரைகிறவர்கள் எல்லோரும் அந்தப் பாறையில்தான் வரைவார்கள். மாலையில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் பார்த்துக்கொண்டே நடக்கும். பிடித்த படத்தின் முன் நிற்கும். யாரும் நிற்காத படத்தை, பாறைக்குக் காவலாக இருந்த மந்தி தண்ணீர் தெளித்துக் கழுவிவிடும்.

பொட்டல்காட்டிலிருந்து அங்கே ஓர் அணில் வந்து சேர்ந்தது. அதன் பெயர் இலந்தை. அதன் குடும்பத்தில் பெரிய காட்டைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வாலைச் சாயத்தில் தோய்த்து அது கல்லில் படம் போடும். வாலை வைத்து எப்படி வயிறு நிரம்பும் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாறையில் நிலையாக ஓர் இடம் கிடைத்ததும் சேதி சொல்லி அனுப்பு என்றாள். கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடு என்றும் சொன்னாள்.

பெரிய காட்டில் எந்த மரத்திலும் இடம் இல்லை. எந்தப் பொந்தில் தலையை நீட்டினாலும் உள்ளே ஆள் இருந்தது. மந்தியிடம் பாறையில் இடம் கேட்பதற்கு முன் இலந்தை தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. அப்படியும் கேட்கும்போது வார்த்தைகள் முன்பின் மாறிப்போயின. மந்தி ஓரத்தில் கொஞ்சம் இடம் காட்டியது.

இலந்தை ஒரு மயிலை வரைந்தது. பெரிய காட்டில் எல்லோரும் மயிலைத்தான் வரைந்தார்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து பார்த்தன. "இது மயிலா, முருங்கை மரமா?" என்று ஒன்று கேட்க, மற்றவை சிரித்துக்கொண்டே பறந்தன. யாரும் நிற்கவில்லை. மந்தி படத்தைக் கழுவியது. அடுத்து வரைந்த நிலாவுக்கும் அதே கதி.

மறுநாள் மத்தியானம் பலத்த மழை. இலந்தை ஒரு சூரை முள் புதரின் ஓரத்தில் ஒடுங்கி நின்றது.

"ஏ பொண்ணு, அங்க நின்னு ஏன் நனையறே? உள்ளே வா."

குரல் கொடுத்தது ஒரு கௌதாரி. புதரின் அடியில் மண்ணைச் சீய்த்து, காய்ந்த புல் பரப்பி, முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. இலந்தைக்கு ஒதுங்க இடம் கொடுத்தது. மழை விட்ட பிறகும் போகச் சொல்லவில்லை. புதரின் மேல்கிளையில் தங்கிக்கொள்ளலாம் என்றது. அன்றிலிருந்து இலந்தை அதை அக்கா என்று கூப்பிட்டது.

கௌதாரி ஒருநாளும் நேராக வீட்டுக்கு வராது. புதரைத் தாண்டி நடக்கும். வேறு பக்கம் மேய்வது போல நிற்கும். பிறகு சுற்றிக்கொண்டு உள்ளே நுழையும். இலந்தையையும் அப்படியே வரச் சொன்னது. "தரையில கூடு வச்சிருக்கறவளுக்கு இது ஒண்ணுதாம்மா காவல். என் கூடப் பொறந்தவளுக்கே இந்த இடம் தெரியாது. நீ பாத்துட்டே. வெளியே பேச்சு வேணாம்."

இலந்தை சத்தியம் செய்தது. மனதாரத்தான் செய்தது.

மறுபடியும் அது பாறைக்குப் போனபோது மந்தி தலையைச் சொறிந்தது. "மயிலையும் நிலாவையும் நாங்க தினமும் பாக்கறோம். நீ மட்டும் பாத்தது ஏதாவது இருந்தா வரை. இது கடைசித் தடவை. அப்புறம் இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

இலந்தை யோசித்தது. இந்தக் காட்டில் தான் மட்டும் பார்த்தது என்ன? ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வேண்டாம் என்று தள்ளிவிட்டு நெல்லி மரத்தை நினைத்தது, ஓடை மீன்களை நினைத்தது. எல்லாம் மயில் மாதிரியே எல்லோரும் பார்த்தவைதான். ஊருக்குத் திரும்பி, சிரித்தவர்கள் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்க்கவே அதற்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அது தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. வெளியே பேசக் கூடாது என்றுதானே அக்கா சொன்னாள்? நான் பேசப் போவதில்லை. வரையத்தான் போகிறேன்.

வால் தானாக ஓடியது. முள் புதர் வந்தது. புதருக்குப் பின்னால் வெடித்த பாறை வந்தது. புல்லில் கிடக்கும் நீளமான நிழல் வந்தது. நடுவே முட்டைகள் வந்தன. தொட்டால் சூடு தெரியும் போல இருந்தன.

அன்று மாலை கூட்டம் நகரவே இல்லை. மான்கள் நின்றன. முள்ளம்பன்றி நின்றது. தவிட்டுக்குருவிகள் கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தன. எல்லோருக்கும் பின்னால் வந்த நரி மட்டும் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"தாயி, இந்த முட்டை நிறத்தை எப்படிப் பிடிச்சே?"

"சுண்ணாம்புக்கல்லோட கொஞ்சம் செம்மண் கலந்தேன், ஐயா."

"நிழல் அருமை. காலை நிழல்தானே?"

"இல்லைங்க, சாயங்கால நிழல். மேற்கே ஒரு கரையான் புற்று இருக்கு, அதோட நிழல்."

"அந்த வெடிச்ச பாறை மட்டும் கற்பனையா இருக்கும்."

இலந்தைக்கு ரோஷம் வந்தது. "கற்பனை இல்லைங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. இருக்கறதைத்தான் வரைஞ்சேன்."

நிழலைக் கூட கவனித்துப் பார்க்க ஒருவர் இருக்கிறாரே என்று அதற்கு உள்ளுக்குள் பூரிப்பு. நரி, நீ நல்லா வருவே என்று வாழ்த்தியது. தண்ணீர் குடிக்க வந்தது, குடிக்காமலே போய்விட்டது. அதை இலந்தை கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மந்தி வந்து, இனி அந்த இடம் உன்னுடையது என்றது. இலந்தை அம்மாவுக்குக் காகத்திடம் சேதி சொல்லி அனுப்பியது. இருட்டுவதற்குள் போய் அக்காவிடமும் சொல்ல வேண்டும் என்று ஓடியது. ஓடைக்கரை வந்ததும், சொல்லிக்கொடுத்தபடியே புதரைத் தாண்டிப் போய் சுற்றிக்கொண்டு வந்தது.

புதரின் அடியில் ஓடுகள் சிதறிக் கிடந்தன. புல் ஈரமாக இருந்தது. கௌதாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இரை தேடப் போயிருந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"நேரா வந்திருக்கான்மா," என்றது கௌதாரி. "காலடியைப் பாரு. எங்கயும் தேடலை. மோப்பம் பிடிச்சுத் திரும்பக்கூட இல்லை. எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். கௌதாரி நம்பியிருக்கும். ஆனால் இலந்தையின் வாய் பொய்க்குத் திறக்கவில்லை. மந்தி சொன்னதையும், தான் வரைந்ததையும், நரி கேட்டதையும், தான் பதில் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னது. கௌதாரி சிதறிய ஓடுகளை அலகால் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் சேர்த்தது. அது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இலந்தைக்குத் தோன்றியது.

விடிந்ததும் கௌதாரி பாறைக்கு வந்தது. அந்தப் படத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தது. இலந்தை குளத்தில் வாலை நனைத்துக்கொண்டு ஓடி வந்தது. படத்தை அழிக்க ஆரம்பித்தது. வெடித்த பாறை போயிற்று. நிழல் போயிற்று. முள் புதரும் கரைந்து செம்மண் தண்ணீராக வழிந்தது.

வால் நடுவுக்கு வந்தபோது கௌதாரி வாய் திறந்தது.

"முட்டைங்களை மட்டும் விட்டுடு. அதுங்க எப்படி இருந்துச்சுன்னு பாக்க வேற எங்கயும் வழி இல்லை."

இலந்தை வாலை இறக்கிக்கொண்டது. வெறும் கல்லில், கூடும் இல்லாமல் புல்லும் இல்லாமல், முட்டைகள் மட்டும் இருந்தன. கௌதாரி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மலைப்பக்கம் நடந்தது. இம்முறை அது எங்கும் சுற்றிப் போகவில்லை. நேராகவே போனது. நானும் வரட்டுமா அக்கா என்று கேட்க இலந்தைக்குத் தைரியம் வரவில்லை.

நம்மை நம்பித் திறந்த வீட்டை நம் பெயருக்காக ஊருக்குத் திறந்து காட்டினால், அந்தப் பெயர் நமக்குக் கிடைக்கலாம், அந்த வீடு திரும்பக் கிடைக்காது.