இலை மூடிய பக்கம்

ஆற்றங்கரை மடத்தில் பதினோரு வருஷமாகத் தேவாரம் பாடுகிறவர் தாண்டவராயன். போன மாதம் மாசிலாமணி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பாட ஆரம்பித்தால் போதும், மடத்துச் சாமி கண்ணை மூடிக்கொள்வார். தாண்டவராயன் பாடும்போது ஒரு நாளும் மூடியதில்லை. வயிறு எரியுமா எரியாதா?

எரிந்தது. பந்தியில் நாற்பது பேர் கேட்கச் சொல்லிவிட்டார்: "பஸ் ஸ்டாண்டுல தட்டு ஏந்திப் பாடின தொண்டைதானே! சோத்தைக் கண்டா தானாப் பாடும்."

மாசிலாமணி பாதிச் சோற்றோடு இலையை வெளிப்பக்கமாக மூடிவிட்டு எழுந்தார். உறவு வேண்டுமென்றால் தன் பக்கமாக மூட வேண்டும். வெளிப்பக்கம் மூடுவது துக்க வீட்டில்தான். அன்றோடு அவர் பாட்டும் நின்றது.

மூன்றாம் நாள், பந்தி முடிந்ததும் தாண்டவராயன் சாமியிடம் ஓடி வந்தார்.

"சாமி, மாசிலாமணி பையைக் கட்டிட்டார். மூணு மணி பஸ்ஸுக்குப் போறாராம். என்னாலதான்."

"மன்னிப்புக் கேட்டியா?"

"இப்பதானே கேட்டேன்! பந்தியில, அத்தனை பேர் முன்னாலயும் நெடுஞ்சாண்கிடையா விழுந்தேனே. நீங்களும் பாத்தீங்களே!"

"பாத்தேன்."

"அப்புறமும் இலையை வெளிப்பக்கமாத்தான் மூடினார். இன்னும் என்னதான் வேணுமாம் அந்த மனுஷனுக்கு?"

சாமி வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். "விழுந்தியே, எந்தப் பக்கம் பாத்து விழுந்தே?"

தாண்டவராயன் பந்தி நடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மாசிலாமணி உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். இவர் விழுந்தது சாமி இருந்த பக்கம். எழுந்ததும் பார்த்தது சாமி முகத்தைத்தான்.

"பொறாமை சாமி. வேற ஒண்ணுமில்லை." "அவர் பாடினா கண்ணை மூடிக்கறீங்க. எனக்கு ஒரு நாளாவது மூடியிருப்பீங்களா?"

"பாடுறப்ப நீ என் மூஞ்சியையேல்ல பாத்துக்கிட்டிருக்கே. நான் எப்படிப்பா மூடுறது?"

வாசலில் மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தாண்டவராயன் வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். பழக்க தோஷம், திரும்பிச் சாமியைப் பார்த்தார்.

"போய்க் கேளு," என்றார் சாமி. "நான் கண்ணை மூடிக்கிட்டேன்."